மாசாய் மாராவுக்குப் புறப்படும் முன்: கென்ய வனவிலங்குப் பயணத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சுவாகிலி மொழியில் 'சஃபாரி' என்பதற்குப் பயணம் என்றுதான் பொருள். அரபு மொழியின் 'சஃபர்' என்ற சொல்லிலிருந்து வந்த அது, நைரோபியிலிருந்து கிசுமுவுக்குப் பேருந்தில் போகிறவருக்கும் பொருந்தும். அந்தச் சொல்லுக்கு விலங்குகளோடு தொடர்பை ஏற்படுத்தியவர்கள் துப்பாக்கியோடு வந்த வெளிநாட்டு வேட்டைக்காரர்கள். சுற்றுலா விளம்பரங்கள் இன்றும் கொண்டாடும் 'பெரிய ஐந்து' பட்டியலும் அவர்கள் இட்டதே. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், ஆப்பிரிக்க எருமை ஆகிய ஐந்தும் தரையில் நடந்து சென்று வேட்டையாட மிகவும் ஆபத்தானவை என்பதால் ஒரே வரிசையில் வைக்கப்பட்டன. கென்யா 1977ஆம் ஆண்டிலேயே வேட்டையைத் தடை செய்துவிட்டது. ஆயினும் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஆறு நாட்களில் நான்கு பூங்காக்களைப் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்புகிறவர்கள், பயணத்தின் பெரும்பகுதியைப் புழுதிச் சாலையிலேயே கழித்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

இந்த வழிகாட்டி அதற்கு நேர்மாறான ஒரு முறையைப் பரிந்துரைக்கிறது. ஓரிரு இடங்களை மட்டும் தேர்ந்தெடுப்பது, முக்கியமான இடத்தில் குறைந்தது மூன்று இரவுகளாவது தங்குவது, செலுத்தும் பணம் யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்பதைக் கேட்டறிந்த பிறகே முன்பதிவு செய்வது ஆகிய மூன்றும் அதன் அடிப்படை. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளைக் கொண்ட ஒரு கண்டத்துக்குப் பொதுவான வழிகாட்டி எழுதுவதில் பொருளில்லை என்பதால், கென்யாவையும் அதன் தென்மேற்கு மூலையில் உள்ள மாசாய் மாராவையும் மையமாகக் கொண்டே இது எழுதப்படுகிறது.

முதற்படி: காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

மாரா பெயர் பெற்றது வில்டபீஸ்ட் கூட்டங்களின் இடப்பெயர்ச்சியால். மாட்டின் கொம்பும் குதிரையின் பிடரியும் ஆட்டின் தாடியும் சேர்த்துச் செய்தது போன்ற தோற்றமுடைய இந்த மான் இனம், சுமார் 13 லட்சம் எண்ணிக்கையில், வரிக்குதிரைகளும் தாம்சன் மான்களும் உடன்வர, தான்சானியாவின் செரெங்கெட்டிக்கும் கென்யாவின் மாராவுக்கும் இடையே ஆண்டு முழுவதும் வட்டமிட்டபடியே இருக்கிறது. மழை பெய்த இடத்துப் புல்லைத் தேடித்தான் இந்த நடை. ஜனவரி இறுதி முதல் மார்ச் வரை அவை செரெங்கெட்டியின் தெற்கேயுள்ள குட்டைப்புல் சமவெளியில் கன்று ஈனும். பழைய எரிமலைச் சாம்பல் படிந்த அந்த மண்ணில் விளையும் புல்லில் பாலூட்டும் தாய்க்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்தும் பாஸ்பரசும் மிகுதி. பிறகு மேற்காகவும் வடக்காகவும் நகர்ந்து, ஜூலை வாக்கில் மாரா ஆற்றை அடையும். அக்டோபர் வரை ஆற்றின் இரு கரைகளிலும் மாறி மாறி மேயும். நவம்பரில் குறுமழை தொடங்கும்போது தெற்கு நோக்கித் திரும்பிவிடும்.

இந்தக் காட்சி என்றென்றும் இப்படியே இருந்ததில்லை என்பது பலருக்கும் தெரியாது. 1880களின் இறுதியில் கால்நடைகளோடு ஆப்பிரிக்காவுக்குள் வந்த வெக்கை நோய் என்ற மாட்டுத்தொற்று, 1890களில், இப்பகுதியில் மாடு மேய்த்து வாழும் மாசாய் மக்களின் மாடுகளையும் காட்டிலிருந்த வில்டபீஸ்ட்களையும் ஒருசேரக் கொன்று குவித்தது. வளர்ப்பு மாடுகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டதால் 1960களில் அந்த நோய் அங்கிருந்து அகன்றது. அதன் பிறகு, 1960களின் தொடக்கத்தில் சுமார் இரண்டரை லட்சமாக இருந்த வில்டபீஸ்ட்கள் 1970களின் இறுதிக்குள் 13 லட்சமாகப் பெருகின. மாட்டுக்குப் போட்ட ஊசி காட்டு விலங்கைக் காத்த கதை இது. உலகம் முழுவதும் அந்த நோய் ஒழிந்துவிட்டது என்று 2011ல் அறிவிக்கப்பட்டது.

ஆற்றைக் கடக்கும் காட்சியைக் காண விரும்புகிறவர்கள் ஜூலை இறுதி முதல் செப்டம்பர் வரை செல்ல வேண்டும். கூட்டம் எந்த நாளில், எந்தத் துறையில் இறங்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. கரைவரை வந்து நான்கு மணி நேரம் தயங்கி நின்று, ஒரு வரிக்குதிரை மிரண்டதும் மொத்தமாகத் திரும்பி ஓடிவிடுவதும் உண்டு. எனவே இரண்டு நாள் பயணத்தில் அதைக் கண்டே தீருவோம் என்று எண்ணிப் பணம் கட்டுவது வீண். கண்டவர்கள் பெரும்பாலும் முதலையைப் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் மூழ்கிச் சாகிறவையே மிகுதி. ஆண்டுக்குச் சராசரியாக ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட்கள் மாரா ஆற்றில் மூழ்கி இறக்கின்றன என்று 2017ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்த உடல்களின் சதை சில வாரங்களில் மீன்களுக்கும் பாறுகள் எனப்படும் பிணந்தின்னிக் கழுகுகளுக்கும் இரையாக, எலும்புகள் ஏழு ஆண்டுகள் வரை மெல்லக் கரைந்து ஆற்றுக்குப் பாஸ்பரசைக் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. கரையில் நின்று பார்க்கும்போது இதை நினைவில் வைத்திருந்தால், அந்தக் காட்சி வேறொன்றாகத் தெரியும்.

ஆற்றுக் காட்சி கட்டாயமில்லை என்பவர்களுக்கு ஜனவரியும் பிப்ரவரியும் மிகப் பொருத்தமானவை. சிங்கம், சிறுத்தை, யானை, ஒட்டகச்சிவிங்கி முதலியன மாராவை விட்டு எங்கும் போவதில்லை. வானம் தெளிவாக இருக்கும், வண்டிகள் குறைவாக இருக்கும். கட்டணமும் பாதி. மாராவின் காப்பகத்துக்குள் நுழைய வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு, 2024ல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, ஜனவரி முதல் ஜூன் வரை நாளொன்றுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். அதுவும் காலை ஆறு முதல் மாலை ஆறு வரையிலான பன்னிரண்டு மணி நேரத்துக்கு மட்டுமே. தம்பதி இருவர் ஆகஸ்டில் மூன்று நாள் உள்ளே போனால் நுழைவுக்கட்டணம் மட்டும் 1,200 டாலர் ஆகிவிடும்.

தமிழ்நாட்டிலிருந்து செல்லும் குடும்பங்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. நம் பள்ளிகளின் கோடை விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில் வருகிறது. கென்யாவின் நெடுமழைக் காலமும் அதுவேதான். மாராவின் பெரும்பகுதி கரிசல் மண். மழையில் அது எப்படி வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று கோவில்பட்டிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சில விடுதிகள் அப்போது மூடப்பட்டுவிடும். திறந்திருப்பவை வாடகையைக் கணிசமாகக் குறைக்கும். சேற்றில் வண்டி சிக்குவதை அனுபவத்தின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொள்ளும் மனமிருந்தால் மே மாதப் பயணமும் கெட்டதல்ல. மழைமேகத்தின் கீழ் பச்சைச் சமவெளியைப் படம் பிடிக்க அதைவிடச் சிறந்த காலமில்லை.

இரண்டாம் படி: எந்த நிலத்தில் தங்குவது

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். மாசாய் மாரா என்று நாம் பொதுவாகச் சொல்வது உண்மையில் இரு வகை நிலம். முதலாவது, சுமார் 1,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தேசியக் காப்பகம். இது நரோக் மாவட்ட அரசுக்கு உரியது. இதற்குள்ளேயே மாரா ஆற்றுக்கு மேற்கே இருக்கும் மாரா முக்கோணம் என்ற பகுதியை 2001 முதல் ஒரு லாபநோக்கற்ற அமைப்பு தனியாக நிர்வகித்து வருகிறது. அங்கே சாலைகளும் ஒழுங்கும் மேம்பட்டவை என்பது வழிகாட்டிகள் பலரின் கருத்து.

இரண்டாவது வகை, காப்பகத்தின் வடக்கிலும் கிழக்கிலும் வேலியின்றித் தொட்டுக் கிடக்கும் சமூகக் காப்புநிலங்கள். கன்சர்வன்சி என்று அங்கே அழைக்கிறார்கள். மாசாய் மக்களின் பொது மேய்ச்சல் நிலங்கள் பிரிக்கப்பட்டுத் தனித்தனிக் குடும்பங்களுக்குப் பட்டாவாக வந்தபோது, ஒவ்வொருவரும் வேலி போட்டுவிட்டால் விலங்குகளுக்கும் வழியிருக்காது, மாடுகளுக்கும் வழியிருக்காது என்ற நிலை உருவானது. அதற்கு மாற்றாக, நிலவுரிமையாளர்கள் நூற்றுக்கணக்கில் ஒன்றுசேர்ந்து தம் நிலங்களை இணைத்து, விடுதி நடத்துவோருக்குக் குத்தகைக்கு விட்டார்கள். சுற்றுலாப் பயணி வந்தாலும் வராவிட்டாலும் குத்தகைப்பணம் மாதந்தோறும் உரிமையாளரின் கணக்குக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. ஒல் கின்யெய், மாரா நார்த், ஒலாரே மொட்டொரொகி, நபோய்ஷோ ஆகியவை இவற்றுள் நன்கு அறியப்பட்டவை. நபோய்ஷோவில் மட்டும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்களின் நிலம் இணைந்துள்ளது.

பயணிக்கு இதனால் என்ன வேறுபாடு? தங்கும் கூடாரங்களின் எண்ணிக்கை நிலப்பரப்புக்கு ஏற்பக் கட்டுப்படுத்தப்படுவதால் கூட்டம் இல்லை.  அங்கே தங்குகிறவர்களின் வண்டிகள் மட்டுமே அந்த நிலத்துக்குள் சுற்றலாம். காப்பகத்தில் தடைசெய்யப்பட்டுள்ள இரவு உலாவும், வழிகாட்டியோடு நடந்து செல்வதும் இங்கே அனுமதிக்கப்படுகின்றன. காப்பகத்தில் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சிங்கத்தைச் சுற்றி இருபது வண்டிகள் நிற்பதைப் பார்த்துச் சலித்தவர்கள், அடுத்த முறை காப்புநிலத்துக்கே போகிறார்கள்.

இந்த ஏற்பாட்டிலும் குறைகள் உண்டு. பட்டா பெரும்பாலும் ஆண்களின் பெயரில் இருப்பதால் குத்தகைப்பணமும் அவர்கள் கைக்கே போகிறது. மேய்ச்சலுக்கு விதிக்கப்படும் கட்டுப்பாடு, வறட்சிக் காலத்தில் நிலமற்ற அண்டை வீட்டாரை நெருக்குகிறது. 2020ல் பெருந்தொற்றால் பயணிகள் நின்றபோது, சுற்றுலா வருவாயை மட்டுமே நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதும் வெளிப்பட்டது. ஆனாலும், கென்யாவின் காட்டு விலங்குகளில் பெரும்பகுதி அரசுப் பூங்காக்களுக்கு வெளியேதான் வாழ்கிறது என்ற உண்மையை வைத்துப் பார்த்தால், அந்த நிலத்தின் சொந்தக்காரருக்குச் சிங்கம் இருப்பதால் ஏதேனும் வருவாய் கிடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால், தன் மாட்டைக் கொன்ற சிங்கத்துக்கு விஷம் வைக்காமல் இருக்க அவருக்கு என்ன காரணம் இருக்கிறது?

காப்புநிலத்தில் தங்குவது விலை கூடுதல் என்பது உண்மைதான். செலவைச் சமாளிக்க ஒரு வழி, மூன்று இரவுகளைக் காப்புநிலத்தில் கழித்து, அதில் ஒரு நாள் மட்டும் நுழைவுக்கட்டணம் செலுத்திக் காப்பகத்துக்குள் ஆற்றங்கரைக்குப் போய்வருவது. இதுவே முடியாதவர்கள் காப்பகத்தின் செக்கெனானி வாயிலுக்கு வெளியே உள்ள எளிய கூடாரங்களில் தங்கலாம். அவற்றில் உள்ளூர் மாசாய் குடும்பங்கள் நடத்துபவையும் இருக்கின்றன.

மூன்றாம் படி: வழித்தடம்

ஒன்பது இரவுகள் இருக்குமானால் இப்படி வகுக்கலாம். நைரோபியில் ஒரு நாள். நகரத்தை ஒட்டியே 117 சதுர கிலோமீட்டரில் நைரோபி தேசியப் பூங்கா இருக்கிறது. 1946ல் அமைக்கப்பட்ட அதுவே கென்யாவின் முதல் தேசியப் பூங்கா. உயரமான கட்டடங்கள் பின்னணியில் தெரிய ஒட்டகச்சிவிங்கி மேய்வதை அங்கே காணலாம். அடுத்து வடக்கே நான்கு மணி நேரத் தொலைவில், நிலநடுக்கோட்டின் மேல் அமைந்த நன்யுகி நகருக்கு அருகிலுள்ள ஒல் பெஜெட்டாவில் இரண்டு இரவுகள். உலகில் எஞ்சியிருக்கும் வடபுல வெள்ளைக் காண்டாமிருகங்கள் இரண்டும் அங்கேதான் ஆயுதக் காவலில் வாழ்கின்றன. நாஜின் தாய், ஃபாத்து மகள். அவ்வினத்தின் கடைசி ஆணான சூடான் 2018 மார்ச்சில் இறந்துவிட்டது. அங்கிருந்து நைவாஷா ஏரியில் ஓர் இரவு தங்கி, பிறகு மாராவில் நான்கு இரவுகள். மிச்சம் ஓர் இரவு நைரோபியில்.

நைவாஷாவுக்குப் பதிலாக அம்போசெலியைச் சேர்க்க விரும்புவோர் பலர். கிளிமஞ்சாரோ மலையின் பின்னணியில் யானைக்கூட்டம் நிற்கும் படங்கள் எல்லாம் அங்கே எடுக்கப்பட்டவைதான், மலை மட்டும் தான்சானியாவில் இருக்கிறது. 1972 முதல் அந்த யானைகளைக் குடும்பம் குடும்பமாகப் பெயரிட்டுத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார்கள். ஆனால் அம்போசெலி தெற்கிலும் ஒல் பெஜெட்டா வடக்கிலும் இருப்பதால் இரண்டையும் ஒரே பயணத்தில் வைப்பது அலைச்சல். ஒன்றைக் கைவிடுங்கள்.

நைரோபியிலிருந்து மாராவுக்குச் சாலை வழியாக ஐந்து முதல் ஆறு மணி நேரம் ஆகும். பெரும் பிளவுப் பள்ளத்தாக்கின் விளிம்பிலிருந்து இறங்கும் அந்த வழியை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். திரும்பும்போது வில்சன் விமான நிலையத்துக்குச் செல்லும் சிறு விமானத்தில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடலாம். அதில் ஒருவருக்குப் பொதுவாக 15 கிலோ பெட்டிச்சுமைதான், அதுவும் மெத்தென்ற துணிப்பையில். மாராவிலிருந்து நேராகச் செரெங்கெட்டிக்குள் போய்விடலாம் என்று வரைபடத்தைப் பார்த்து எண்ண வேண்டாம். விலங்குகளுக்கு இல்லாத எல்லை பயணிகளுக்கு உண்டு. வெகுதூரம் சுற்றி இசெபனியா அல்லது நமங்கா சோதனைச்சாவடி வழியாகத்தான் போக முடியும், தான்சானியாவின் விசாவும் தனி.

நான்காம் படி: நிறுவனத்தையும் வழிகாட்டியையும் தேர்ந்தெடுத்தல்

விடுதியைவிட வழிகாட்டியே முக்கியம். கென்யத் தொழில்முறை சஃபாரி வழிகாட்டிகள் சங்கம் தேர்வு வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று நிலைகளில் தகுதி வழங்குகிறது. தங்க நிலையை எட்டியவர்கள் மிகச் சிலரே. வெள்ளி நிலை வழிகாட்டி கிடைத்தாலே நற்பேறு. மாசாய் இளைஞர்களையும் பெண்களையும் இத்தொழிலுக்குப் பயிற்றுவிக்க 2005ல் கொய்யாகி வழிகாட்டிப் பள்ளி தொடங்கப்பட்டது. அதில் பயின்றவர்கள் மாராவின் பல விடுதிகளில் பணிபுரிகிறார்கள். பயண நிறுவனம் கென்யச் சுற்றுலா நடத்துநர் சங்கத்தின் உறுப்பினரா என்பதையும் சரிபார்க்கலாம்.

முன்பதிவுக்கு முன் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டிய பதில்கள் சில உண்டு. வண்டி நான்கு சக்கர இயக்கமுள்ளதா, மேற்கூரை திறக்குமா, எல்லோருக்கும் சன்னலோர இருக்கை உண்டா, நுழைவுக்கட்டணம் விலையில் அடங்குமா, எந்தக் காப்புநிலத்தில் தங்குகிறோம், அங்கே நிலக்குத்தகை எவ்வாறு வழங்கப்படுகிறது, ஊழியர்களில் உள்ளூர்க்காரர்கள் எத்தனை பேர் என்பவை அவை. கடைசி இரண்டு கேள்விகளுக்கும் நல்ல நிறுவனம் மகிழ்ச்சியோடு விரிவாகப் பதில் எழுதும். மழுப்புகிறவர்களை விட்டுவிடலாம். சைவ உணவு பற்றியும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். சப்பாத்தியும் சமோசாவும் கென்யர்களின் அன்றாட உணவாகிவிட்டன. பீன்சும் சோளமும் சேர்த்து வேகவைக்கும் கிதெரியும், 'சுகுமா விக்கி' என்ற கீரைப் பொரியலும் சைவர்களுக்கு ஏற்றவை. சோளமாவில் கிண்டும் உகாலி நம் களிக்கு ஒன்றுவிட்ட சகோதரன்.

ஐந்தாம் படி: ஆவணங்களும் உடல்நலமும்

கென்யா 2024 ஜனவரி முதல் விசாவுக்குப் பதிலாக மின்னணுப் பயண அனுமதியைக் கொண்டுவந்துவிட்டது. ஆறு மாதமாவது செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, புகைப்படம், விமானச்சீட்டு, தங்குமிட முன்பதிவு ஆகியவற்றோடு அரசின் அதிகாரபூர்வ இணையத்தளத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். அதைப்போலவே தோற்றமளித்து இருமடங்கு பணம் வாங்கும் தனியார் தளங்கள் இருக்கின்றன, கவனம் தேவை.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பற்றித் தவறான புரிதல் மிகுதி. கென்யாவுக்குள் நுழைவதைவிட, அங்கிருந்து இந்தியா திரும்பும்போதுதான் அதன் சான்றிதழ் நமக்குத் தேவைப்படுகிறது. சான்றிதழ் இல்லாமல் திரும்புகிறவரை ஆறு நாட்கள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இடம் தருகிறது. ஊசி போட்டுப் பத்து நாட்கள் கழிந்த பின்னரே சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதால், புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே முடித்துவிடுவது நல்லது. ஒருமுறை போட்டுக்கொண்டால் வாழ்நாள் முழுவதும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிறுவனத்திலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் இந்த ஊசி போடப்படுகிறது. மற்ற மருத்துவமனைகளில் போட்டால் உரிய சான்றிதழான மஞ்சள் புத்தகம் கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கருவுற்றவர்கள், அறுபது வயது கடந்தவர்கள் மருத்துவரிடம் ஆலோசிக்காமல் இதைப் போட்டுக்கொள்ளக் கூடாது.

மாராவில் மலேரியா உண்டு. தடுப்பு மாத்திரைகளைப் பயணத்துக்கு முன்பே தொடங்கித் திரும்பிய பின்னும் சில நாட்கள் தொடர வேண்டியிருக்கும் என்பதால் மருத்துவரைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். அவசரத்தில் விமானம் மூலம் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வசதி பயணக் காப்பீட்டில் அடங்க வேண்டும். 1957 முதல் கிழக்கு ஆப்பிரிக்காவில் இயங்கிவரும் ஆம்ரெஃப் அமைப்பின் பறக்கும் மருத்துவர் சேவைக்குச் சிறு தொகையில் தற்காலிக உறுப்பினராகவும் சேரலாம்.

ஆறாம் படி: மூட்டை கட்டுதல்

மாரா நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருந்தாலும் ஏற்காட்டின் உயரத்தில் இருக்கிறது. விடியற்காலையில் திறந்த வண்டியில் கடுங்குளிர் அடிக்கும், பத்து மணிக்கு வெயில் சுடும். எனவே அடுக்கடுக்காக அணிந்து கழற்றக்கூடிய உடைகள் வேண்டும். கருப்பும் அடர்நீலமும் கடிக்கும் செட்சி ஈக்களை ஈர்க்கும் நிறங்கள், தவிர்த்துவிடுங்கள். இராணுவ உடை போன்ற திட்டுத்திட்டான துணி சட்டச் சிக்கலை வரவழைக்கும். நெகிழிப் பைகள் கென்யாவில் 2017 ஆகஸ்ட் முதல் தடைசெய்யப்பட்டுள்ளன. பூங்காக்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர்ப் புட்டிகளும் 2020 ஜூன் முதல் கூடாது. முறுக்கையும் பொடியையும் நெகிழி உறையில் கட்டிக்கொண்டு போகும் பழக்கத்தைத் துணிப்பைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆளில்லா வானூர்தியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஆளுக்கொரு இருகண் தொலைநோக்கி இருப்பது விலையுயர்ந்த ஒளிப்படக்கருவியைவிட அவசியம்.

ஏழாம் படி: களத்தில் பார்க்கும் முறை

சூரியன் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஆறரைக்கு உதித்து ஆறரைக்கு மறையும். விடுதியிலிருந்து முதல் வெளிச்சத்திலேயே கிளம்பிவிட வேண்டும், காலை உணவை வண்டியில் எடுத்துக்கொள்ளலாம். சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம் வரை படுத்தே கிடக்கும். விழித்திருக்கும் அந்தச் சில மணி நேரத்தைக் காண்பதற்குத்தான் இந்த அவசரம்.

பூனை இனங்களின் பெயரிலேயே நமக்கு ஒரு குழப்பம் இருக்கிறது. வேகமாக ஓடும், கண்ணிலிருந்து வாய்வரை கருங்கோடு இறங்கும் மெலிந்த விலங்கைச் சிறுத்தை என்று நம் செய்தித்தாள்களே எழுதுகின்றன. சிறுத்தை என்பது மரத்தில் ஏறி இரையைத் தொங்கவிடும் வலிய விலங்கு. ஓட்டக்காரனுக்குத் தமிழில் சிவிங்கி என்று பழம்பெயர் இருக்கிறது. ஒட்டகத்தின் உடலும் சிவிங்கியின் புள்ளியும் சேர்ந்தது போலிருப்பதால்தான் ஒட்டகச்சிவிங்கி. மாராவில் சிவிங்கிகள் கரையான் புற்றுகளின் மேல் ஏறி நின்று இரை தேடும். சிறுத்தையைக் காண, வறண்ட ஓடைகளின் ஓரத்து மரக்கிளைகளில் தொங்கும் வாலைத் தேட வேண்டும். சிங்கத்துக்குச் சுவாகிலியில் 'சிம்பா' என்று பெயர். நம் சிம்மத்தோடு அதற்கு உறவில்லை, ஒலி ஒற்றுமை தற்செயலானது.

விலங்கைத் தேடாமல், விலங்கைக் கண்ட மற்ற விலங்குகளைப் பாருங்கள். வரிக்குதிரைகள் எல்லாம் மேய்ச்சலை நிறுத்தி ஒரே திசையில் முகம் திருப்பி நின்றால் அங்கே புல்லுக்குள் ஏதோ இருக்கிறது. பாறுகள் வானில் வட்டமிடுவதில் பெரிய செய்தி இல்லை. அவை ஒவ்வொன்றாக நேராக இறங்கத் தொடங்கினால் செய்தி இருக்கிறது.

யானைகளைப் பொறுத்தவரை நம் அறிவு ஓரளவு உதவும், ஓரளவு ஏமாற்றும். ஆப்பிரிக்க யானைகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தந்தம் உண்டு. கன்னத்தில் நீர் வழிவதைக் கண்டதும் மதம் என்று நாம் நினைப்போம், ஆனால் அங்கே பெண் யானைக்கும் பரபரப்பில் அந்த நீர் சுரக்கும். ஆப்பிரிக்க ஆண் யானைக்கும் மதம் பிடிக்கும் என்பதை அம்போசெலி ஆய்வாளர்கள் 1981ல்தான் அறிவியலுலகுக்கு நிறுவினார்கள். மதநீர் ஒழுகும் களிற்றைச் சங்கப் பாடல்கள் எவ்வளவு நுணுக்கமாகப் பாடியிருக்கின்றன என்பதை எண்ணினால், அது 1981 வரை தாமதமானது வியப்பாகத்தான் இருக்கிறது. காதுகளை விரித்துத் தலையை உயர்த்தி ஒரு யானை உங்கள் வண்டியை நோக்கினால், படம் எடுப்பதை விட்டு வழிகாட்டியை அமைதியாகப் பின்வாங்கச் சொல்லுங்கள்.

நெருக்கம் பற்றிய விதிகளைப் பயணிதான் காக்க வேண்டும். ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது என்பது மாராவின் விதி. கூடுதல் அன்பளிப்பை எதிர்பார்த்து ஓட்டுநர்கள் இதை மீறுவதுண்டு, பயணிகளே தூண்டுவதும் உண்டு. இதன் விளைவை 2018ல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. மாராவில் சுற்றுலா வண்டிகள் மிகுந்த பகுதியில் வாழ்ந்த சிவிங்கித் தாய்கள் ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 0.2 குட்டியையே வளர்த்து ஆளாக்கின. வண்டிகள் குறைந்த பகுதியில் அதுவே 2.3 குட்டிகள். பகலில் வேட்டையாடும் விலங்கு என்பதால் நம் இரைச்சல் அதன் இரையைக் கலைத்துவிடுகிறது. "இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போங்கள்" என்று ஓட்டுநரிடம் சொல்லத் தோன்றும்போது இந்த இரண்டு எண்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே அவரிடம், "நாங்கள் அவசரப்படவில்லை, கூட்டமுள்ள இடத்துக்குப் போக வேண்டாம்" என்று சொல்லிவிட்டால், மற்ற ஓட்டுநர்களிடமிருந்து வானொலியில் வரும் அழைப்புகளுக்கு ஓடாமல் தன் கண்ணை நம்பி ஓட்டும் சுதந்திரம் அவருக்குக் கிடைக்கும்.

வெப்பக்காற்றுப் பலூன் பயணத்துக்கு ஒருவருக்கு ஏறத்தாழ 500 டாலர். அழகுதான். ஆனால் அதே தொகைக்குக் காப்புநிலத்தில் இன்னோர் இரவு தங்க முடியுமானால் நான் இரண்டாவதையே சொல்வேன்.

எட்டாம் படி: மனிதர்களைச் சந்தித்தல்

மாசாய் குடியிருப்பைப் பார்க்கும் நிகழ்ச்சி எல்லாப் பயணத் திட்டங்களிலும் இருக்கும். குச்சியும் மண்ணும் சாணமும் கொண்டு வீடு கட்டுகிறவர்கள் அங்கே பெண்கள். உயரத் துள்ளும் நடனம், தீக்கடைகோல் காட்சி, பாசிமணிக் கடை என்று ஒரு மணி நேரத்தில் முடியும் இந்த நிகழ்ச்சியில் வாங்கப்படும் கட்டணம் வீடுவீடாகப் போய்ச் சேருகிறதா, இடைத்தரகரிடம் நின்றுவிடுகிறதா என்பதை முன்பே விசாரியுங்கள். பாசிமணிகளைச் செய்த பெண்ணிடமே வாங்குவது நல்லது. குழந்தைகளுக்கு மிட்டாயும் பேனாவும் வீசுவது அவர்களைச் சாலையோரத்தில் கையேந்தி நிற்கவே பழக்கும். பள்ளிக்கு உதவ விரும்புகிறவர்கள் விடுதியின் மூலம் தலைமையாசிரியரைத் தொடர்புகொள்ளலாம். படம் எடுக்குமுன் கேளுங்கள்.

இதைவிட நிறைவானது, உங்கள் வழிகாட்டி மாசாயாக இருந்தால் அவரோடு ஒரு காலைப்பொழுது நடப்பது. எந்த மரப்பட்டை எந்த நோய்க்கு, எந்த மாட்டுக்கு என்ன பெயர், சிங்கம் மாட்டைத் தூக்கிய இரவில் என்ன நடந்தது என்று அவர் சொல்பவை வண்டியில் கிடைக்காதவை. 'சோப்பா' என்று வணக்கம் சொன்னால் 'இப்பா' என்று பதில் வரும். சுவாகிலியில் நன்றிக்கு 'அசாந்தே'. மாடுகளைப் பற்றிக் கேளுங்கள், பேச்சு நிற்காது.

ஒன்பதாம் படி: திரும்புதல்

வழிகாட்டிக்கான அன்பளிப்பைக் கடைசி நாளில் நேரில் கையில் கொடுப்பது வழக்கம். ஒரு வண்டிக்கு நாளொன்றுக்குப் பத்து முதல் இருபது டாலர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். சமையலறையிலும் காவலிலும் பணிபுரிவோருக்கான பொதுப் பெட்டி விடுதியிலேயே இருக்கும். பழைய, கிழிந்த டாலர் தாள்களை அங்கே வாங்க மாட்டார்கள். தந்தம், விலங்குத்தோல், கிளிஞ்சல், பவளம் எதையும் நினைவுப்பொருளாக வாங்க வேண்டாம், விமான நிலையத்தில் பறிமுதலாவதோடு வழக்கும் வரும். மஞ்சள் காய்ச்சல் சான்றிதழைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிடாமல் கடவுச்சீட்டோடு கைப்பையில் வையுங்கள், சென்னையில் குடியேற்றச் சோதனைக்கு முன்பே சுகாதார மேசையில் அதைக் கேட்பார்கள். மலேரியா மாத்திரையை மருத்துவர் சொன்ன கடைசி நாள் வரை நிறுத்த வேண்டாம். திரும்பிய சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், ஆப்பிரிக்கா போய்வந்ததை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.